அம்மா சொன்ன நேரம்

செருப்புக் கடைக்குப் போனால் நான் நேராகப் பிள்ளைகளின் தட்டுக்குத்தான் போவேன். பெரிய ஆட்களின் செருப்பு எதுவும் என் காலில் நிற்காது. கடைக்காரர் "பேத்திக்கோ அம்மா?" என்று கேட்பார். ஓம் என்று சொல்லிவிடுவேன். பூவோ பூனைக்குட்டியோ ஒட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவேன். எழுபது வயது தாண்டியும் அப்படித்தான்.

சண்டிலிப்பாயில் என் தங்கையின் மகள் வீட்டில்தான் நான் இருக்கிறேன். தங்கை செத்துப் பத்து வருசத்துக்கு மேல். அவளுடைய மகள் என்னைப் பெரியம்மா என்பாள். பட்டணத்தில் ஒரு கந்தோரில் அவளுக்கு வேலை, புருசன் வெளிநாட்டில். அவர்களுக்குப் பிள்ளை என்று ஒரு பெட்டைப்பிள்ளைதான். அந்தப் பெட்டை என்னைச் சின்னாச்சி என்று கூப்பிடும். முறைக்கு நான் பெரியாச்சியாக வேண்டும். உயரத்தைப் பார்த்து அது தானாகவே மாற்றிவிட்டது, ஒருவரும் திருத்தவில்லை.

அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவுச் செருப்பு. முற்றத்துக்கு ஓடும்போது எது கிடைக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு ஓடுவோம். அது எனக்குள் ஒரு சந்தோசமாக இருந்தது. அதை வெளியில் சொல்ல எனக்கு வாய் வராது.

என் கதையை முதலில் சொன்னால்தான் அவளுடைய கதை விளங்கும்.

நான் சின்ன வயதிலிருந்தே கட்டை. என் கழுத்தின் இரண்டு பக்கமும் தோல் கொஞ்சம் விரிந்திருக்கும். காதில் அடிக்கடி சீழ் வடியும், ஒரு காது அரைவாசிதான் கேட்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதும் என்னை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில்தான் இருத்தினார்கள், பின்வாங்கில் இருந்தால் ரீச்சர் சொல்வது கேட்காது, கரும்பலகையும் தெரியாது என்று. ஐந்தோடு நிறுத்திவிட்டேன். நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருநாள் காய்ச்சலுக்கு நின்றேன், அப்படியே நின்றுவிட்டேன்.

என் வயதுப் பெட்டைகள் ஒவ்வொருத்தியாக வயதுக்கு வந்து பெரியபிள்ளையானார்கள். தண்ணி வார்த்து, சீலை உடுத்தி, ஆராத்தி எடுத்து, சாமத்தியவீடு என்று ஊரே போய்ச் சாப்பிட்டு வரும். நானும் போவேன், சட்டையோடு. அம்மா காத்துக்கொண்டிருந்தா. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. கிணற்றடியில் கேள்விகள் தொடங்கின.

"உங்கடை மூத்தவள் இன்னும் இருக்கிறாளோ?"

"அவள் சின்னப்பிள்ளை, இப்ப என்ன அவசரம்?" என்பா அம்மா.

"சின்னப்பிள்ளையோ? என்ரை மகளிலும் ரெண்டு மாசம் மூப்பெல்லே?"

எனக்குப் பதினாறு நடந்தபோது தங்கைக்குப் பன்னிரண்டு. அவள் என்னைவிட உயரம். நெஞ்சும் வைக்கத் தொடங்கிவிட்டது. அம்மாவுக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். மூத்தவள் இருக்க இளையவள் பெரியபிள்ளையானால் ஊர் என்ன சொல்லும்? அதன் பிறகு மூத்தவளின் குறை மூடமுடியாத குறை. இளையவளையும் அந்தக் கதை விடாது.

ஒரு வெள்ளிக்கிழமை விடிய அம்மா என்னை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனா. கையில் கிண்ணம். மஞ்சளைக் கரைத்து அதற்குள் சுண்ணாம்பு போட்டா. ஆராத்திக்குக் கரைக்கிற அதே தண்ணிதான். மஞ்சள் நிறம் என் கண் முன்னாலேயே சிவந்தது. என் பழைய பாவாடை ஒன்றை அதில் தோய்த்து எடுத்தா.

"ஆர் கேக்கப்போயினம்?" என்றா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னா. "நீ வாயைத் திறவாதை. அது காணும்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற பிள்ளையுமில்லை.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மாமி வந்து தண்ணி வார்த்தா. அறைக்குள் இருத்தினார்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் தந்தார்கள். வராத ஒன்றுக்காக அவ்வளவு நல்லெண்ணெய் குடித்தவள் இந்த யாழ்ப்பாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பாவுக்கும் உண்மை தெரியாது. சாத்திரியார் வந்து நேரம் கேட்டார். பெரியபிள்ளையான நேரத்தை வைத்து ஒரு குறிப்பு எழுதுவார்கள், கலியாணம் பேசும்போது அதையும் பார்ப்பார்கள். அம்மா முதலே யோசித்து வைத்திருந்தா போல, தடுமாறாமல் சொன்னா.

"வெள்ளிக்கிழமை காலமை, ஆறு மணி இருபது நிமிசம்."

சாத்திரியார் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்படியான நல்ல நேரத்தில் பெரியபிள்ளையான பெட்டையை இந்தக் குறிச்சியில் தான் பார்த்ததில்லை என்றார். அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் கதவிடுக்கால் பார்த்தேன். தான் சொன்ன பொய்யை அம்மாவே ஒரு கணம் நம்பிவிட்டா.

ஒரு ஆள் மட்டும் ஏமாறவில்லை. துணி வெளுக்கிற மனுசி. அந்தப் பாவாடையை வழக்கப்படி அவவிடம்தான் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் வந்து படியில் நின்றுகொண்டு அம்மாவிடம் மெல்லச் சொன்னா, "பிள்ளை, துணியிலை மஞ்சள் நிக்குது."

அம்மா உள்ளே போய்த் தன் கூறைக்கு அடுத்த நல்ல சீலையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தா. அந்த மனுசி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "கடவுள் இருக்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா. சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னைக் காணும்போது மட்டும் தலையைத் தடவுவா.

ஆனால் ஒருநாள் பொய் சொன்னால் அது ஒருநாளோடு முடியாது என்பதை அம்மா யோசிக்கவில்லை. பெரியபிள்ளையானவளுக்கு மாதாமாதம் வரவேண்டுமே. அம்மா கலண்டரில் இருபத்தெட்டு நாளுக்கு ஒருதரம் பென்சிலால் புள்ளி வைத்தா. அந்த நாள் வந்தால் நான் குசினிக்குள் போகக்கூடாது, கிணற்றில் அள்ளக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. பின்பக்கத்தில் ஓலை இறக்கிய சாய்ப்பில் தனிப் பாய், தனிக் கோப்பை. ஒரு நோவும் இல்லாமல், ஒரு துளியும் இல்லாமல், அங்கே நான் மூன்று நாள் இருப்பேன். ஒருமுறை கோயில் தேர் அந்த நாளில் வந்துவிட்டது. ஒருநாள் தள்ளி வைப்போமா என்று அம்மாவைக் கெஞ்சினேன்.

"ஏலாது. நீ ஒழுங்கா வாற பிள்ளை எண்டு எல்லாருக்கும் தெரியும்."

உண்மைதான். குறிச்சியில் என்னைப்போல் ஒழுங்கானவள் இல்லை. சித்தி ஒருத்தி என்ன மருந்து குடிக்கிறாய் என்று என்னிடமே கேட்டா. வெந்தயம் என்றேன். தேர் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கிற காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சாய்ப்பில் இருந்தேன்.

சம்பந்தங்கள் வந்தன. அந்த நல்ல நேரத்தால் குறிப்பு எல்லோருக்கும் பொருந்தியது. ஒரு வாத்தியார் பெண்பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தபோது தட்டு ஆடியது. "பாரம் எண்டால் நானே வந்து எடுக்கிறன்" என்றார். பகிடியாகச் சொன்னாரே தவிர நக்கலாகச் சொல்லவில்லை. என் உயரத்தை அவர் ஒரு குறையாகக் காணவில்லை என்று எனக்குப் பட்டது. அம்மாதான் வேண்டாம் என்றா. பிறந்த சாதகத்தில் ஏதோ தோசம் என்று காரணம் சொல்லி அனுப்பினா. பிறகு குசினியில் என்னிடம், "ஊருக்குப் பொய் சொல்லலாம், ஒரு மனுசனுக்குச் சொல்லேலாது" என்றா. அம்மாவிலே நான் கோபப்படவில்லை. அவவின் பொய்க்கும் ஒரு எல்லை இருந்தது. அந்த எல்லைக்குள் நான் இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அம்மா போன பிறகும் நானே புள்ளி வைத்துக்கொண்டேன். சண்டைக்குள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல குடும்பங்கள் ஒன்றாகக் கிடந்த காலத்திலும் வைத்தேன். பெண்களுக்கென்று மாதத் துணிப் பொதி ஒன்று கொடுத்தார்கள். அந்த வரிசையில் நானும் நின்று வாங்கி, தேவையான ஒரு பிள்ளைக்கு, எனக்கு மிச்சம் என்று கொடுத்தேன். ஐம்பது வயதானபோது ஒருநாள் கலண்டருக்கு முன்னால் பென்சிலோடு நின்றேன். இனிப் போதும் என்று பட்டது. புள்ளி வைக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் அது தானாக நிற்கும். எனக்கு நான்தான் நிறுத்தினேன்.

இதுதான் என் கதை. இனிப் பெட்டையின் கதைக்கு வருகிறேன்.

பத்து வயதுவரை அவள் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் வளர்ந்தாள். பிறகு வளர்த்தி நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் வரிசைக்கு முதல் ஆள். முகம் மட்டும் ஊதினாற்போல் இருக்கும். தோல் காய்ந்து சொரசொரக்கும். தலை சீவினால் சீப்பு நிறைய மயிர். சித்திரை வெய்யிலில் நாங்கள் எல்லோரும் விசிறியோடு இருக்க, அவள் போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள்.

"எழும்படி, சோம்பேறிப் பண்டாரம்" என்பாள் தாய்.

"குளிருதம்மா."

"யாழ்ப்பாணத்திலை குளிரோ? மச்சாள்மார் கனடாவிலை பனிக்குள்ளை ஓடித் திரியுதுகள்!"

வகுப்பில் நித்திரை கொள்கிறாள் என்று ரீச்சர் எழுதி அனுப்பினா. பதினைந்து வயது முடியப் போகிறது. அவளோடு படித்த எல்லோரும் பெரியபிள்ளையாகிவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவளும் நானும் கோயிலுக்குப் போவோம், ஒரு கிழமையும் தவறாமல். வரும்போது கச்சான் கடலை வாங்கித் தின்றுகொண்டு வருவோம். வருசக்கணக்காக அந்தத் துணை எனக்குக் கிடைத்தது. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றும் தடுக்கவில்லை. தெருவில் பின்னால் வருகிறவர்கள் யார் பெட்டை, யார் ஆச்சி என்று கண்டுபிடிக்க முடியாது என்று பகிடி பண்ணுவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். இவளும் என்னைப் போலத்தான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். பாவம் என்று நினைத்தேன். ஆனால் பாவம் என்பது மட்டும்தான் நினைத்தேன் என்று எழுதினால் அது பொய்.

அந்த வருசம் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து பெட்டையின் மாமி, அதாவது தகப்பனின் தமக்கை, குடும்பத்தோடு வருவதாக இருந்தது. தகப்பனுக்கும் அதே நேரத்தில் லீவு. ஒருநாள் பின்னேரம் போனைச் சத்தமாகப் போட்டுவிட்டு என் மகள், தங்கையின் மகளை நான் மகள் என்றுதான் சொல்வேன், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமியின் குரல் முற்றம்வரை கேட்டது.

"நாங்கள் வாற நேரத்திலை இவளின்ரை சாமத்தியவீட்டைச் செய்து முடியுங்கோ மச்சாள். இப்ப ஆர் திகதி பாக்கினம்? என்ரை சின்னவளுக்கே ரெண்டு வருசம் கழிச்சுத்தானே மண்டபம் எடுத்துச் செய்தனாங்கள்."

"ஆனா இவள் இன்னும்..."

"எப்பிடியும் ஆகத்தானே போறாள்! முதல் செய்தால் என்ன, பிறகு செய்தால் என்ன? வீடியோக்காரன் வந்து அதையோ எடுக்கப்போறான்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்ல யோசனைதான் என்ன பெரியம்மா? பள்ளிக்கூடத்திலையும் கேள்வி நிண்டுபோம். ஆர் கேக்கப்போயினம்?"

என் கையில் இருந்த தேங்காய்ப் பாதி துருவலையில் அப்படியே நின்றது. ஐம்பது வருசத்துக்கு மேலாக அந்த வார்த்தையை நான் கேட்கவில்லை. அம்மாவின் குரல் போலவே இருந்தது.

"டொக்டரிட்டைக் காட்டினால் என்ன?" என்றேன்.

"ஏன், கிளினிக் வாங்கிலை இருத்திச் சனம் பாக்கவோ? நாளைக்குக் கலியாணம் பேசேக்கை 'அந்தப் பெட்டைக்கு ஏதோ நோய் வருத்தமாம்' எண்டு சொல்லவோ? சடங்கைச் செய்துவிட்டால் கதை முடிஞ்சுது."

கதை முடியாது என்பது எனக்குத்தான் தெரியும். சடங்கு முடிந்தால் அவள் ஊருக்குப் பெரியபிள்ளை. பெரியபிள்ளையான பெட்டையை, இன்னும் ஆகவில்லை என்று எந்தத் தாய் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள்? இந்த விடுமுறை தாண்டினால் அவளும் கலண்டருக்குப் புள்ளி வைக்கத் தொடங்குவாள்.

மூன்று நாள் சொல்லவேண்டும் சொல்லவேண்டும் என்று திரிந்தேன். என் வாய் அதற்குப் பழக்கப்படவில்லை. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பெட்டை ரியூசனுக்குப் போயிருந்தாள். மகள் மேசையில் இருந்து சடங்குக்கு ஆட்களின் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். நான் குசினிக்குள் இருந்தபடியே, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சொன்னேன்.

"பிள்ளை, எனக்குச் செய்த சாமத்தியவீடு பொய்."

"என்னது?"

"எனக்கு ஒருநாளும் வரேல்லை."

பேனை வைக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. மஞ்சளையும் சுண்ணாம்பையும் சொன்னேன், புள்ளியைச் சொன்னேன், தேரைச் சொன்னேன், வாத்தியாரைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் என் ஆயுளில் கதைத்ததில்லை.

அவள் அழுவாள், அல்லது வந்து கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன் போல. அவள் கேட்டது வேறு.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. கொம்மா சின்னப்பிள்ளை அப்ப."

"அப்ப இது எங்கடை குடும்பத்திலை இருக்கெண்டு சொல்லுறியள். உங்களிட்டை இருந்துதான் என்ரை பிள்ளைக்கு வந்ததெண்டு சொல்லுறியள்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை பிள்ளை."

"தயவுசெய்து இதை வேறை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதையுங்கோ."

ஐம்பது வருசத்துக்கு மேலாகச் சொல்லாதவளிடம் சொன்னாள். பிறகு நான்கு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போவாள். பெட்டை இடையில் நின்று, "ரெண்டு பேரும் என்ன கோவமோ? ஆர் முதல் நேசம் போடுறது?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை மகள் கந்தோருக்கு உடுத்தாமல் வந்து நின்றாள். "வெளிக்கிடுங்கோ பெரியம்மா. பட்டணத்திலை ஒரு டொக்டர் இருக்கிறாவாம். ஓட்டோ வருது." முகத்தைப் பார்க்கவில்லை. கண் மட்டும் வீங்கியிருந்தது.

டொக்டர் இளம் பொம்பிளை. பெட்டையின் உயரத்தை அளந்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, கையைப் பிடித்து, "குளிர் பிடிக்குமோ?" என்று கேட்டா. பெட்டை தாயைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு ஆள் அதைப் பகிடியாக இல்லாமல் கேட்டது அன்றுதான் முதல்தரம். பிறகு டொக்டர் மகளிடம் கேட்டா.

"குடும்பத்திலை ஆருக்கும் கழுத்து வருத்தம் இருந்ததோ? ஆராவது பிந்திப் பெரியபிள்ளையானவையோ? ஆகாமலே விட்டவையோ?"

மகள் தன் கைப்பையின் பூட்டைத் திறந்தாள், மூடினாள். பெட்டை அங்கேயே இருக்கிறாள். நான் சுவரோரக் கதிரையில், கால் நிலத்தில் முட்டாமல் இருந்தேன்.

"நான்" என்றேன்.

பெட்டை என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அருவருப்பு இல்லை, இரக்கமும் இல்லை. வகுப்பில் புதிதாக வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

இரத்தம் எடுத்தார்கள். அடுத்த கிழமை மறுபடி போனோம். அந்த ஒரு கிழமையும் அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். பின்னேரங்களில் என் கட்டிலில் ஏறி இருந்துகொண்டு, சாய்ப்பைப் பற்றிக் கேட்பாள், புள்ளியைப் பற்றிக் கேட்பாள். "எனக்கும் வராட்டி நாங்கள் ரெண்டுபேரும் இப்பிடியே இருப்பம் என்ன சின்னாச்சி? ஒவ்வொரு வெள்ளியும் கோயில், கச்சான், வீடு" என்றாள். அப்படிச் சொல்லாதை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அந்தக் கிழமை என் ஆயுளில் எல்லாம் தெரிந்த ஒரு துணை கிடைத்த கிழமை.

டொக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டுச் சொன்னா. "பயப்பிட ஒண்டுமில்லை. கழுத்திலை தைரொயிட் எண்டு ஒரு சுரப்பி இருக்குது. இவவுக்கு அது குறைவாய்ச் சுரக்குது. அந்த ஹோமோன் குறைஞ்சால் உடம்பு எல்லாத்தையும் மெதுவாக்கும். வளத்தி நிக்கும், குளிரும், நித்திரை தூங்கும், பெரியபிள்ளையாகிறதும் பிந்தும். சோம்பல் இல்லை அம்மா, வருத்தம். காலமை வெறுவயித்திலை ஒரு குளிசை. தேத்தண்ணி அரை மணித்தியாலம் கழிச்சு. ஒரு நாளும் தவறக்கூடாது. எல்லாம் மெல்ல மெல்லச் சரிவரும்."

"சரிவருமோ டொக்டர்? பெரியபிள்ளையாவாளோ?" மகள் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஆவா. கொஞ்சம் பொறுங்கோ."

"அப்ப பெரியம்மாவின்ரை..."

டொக்டர் என் பக்கம் வந்து, கேட்காமலே என் கழுத்தின் தோலை மெல்லத் தொட்டா. "அம்மாவின்ரை வேறை. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. உங்கடையது பிறக்கேக்கையே வந்ததாய் இருக்கவேணும் அம்மா. ஆற்றையும் பிழையில்லை, உங்களிட்டை இருந்து ஆருக்கும் வரவும் இல்லை. இப்ப எண்டால் சின்னனிலையே கண்டுபிடிச்சு மருந்து குடுப்பம். நீங்களும் ஒருக்கா வாங்கோ, எலும்பு பாக்கவேணும், இருதயமும் பாக்கவேணும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெட்டை சிரித்தாள். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அந்தச் சந்தோசத்துக்குக் கீழே ஒன்று பொத்தென்று விழுந்தது. வேறை என்று டொக்டர் சொன்னாவே, அந்தச் சொல். ஒரு பிள்ளைக்குக் குணமாகும் என்று கேட்டு ஒரு கிழவிக்கு மனம் விழலாமா? விழுந்தது. ஓட்டோவில் வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையானாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குப் பின்னேரமே மகள் கனடாவுக்குப் போன் எடுத்தாள். சடங்கு இல்லை என்றாள்.

"அப்ப நாங்கள் டிக்கெட் போட்டது?" என்றா மாமி.

"வாங்கோ. மாம்பழம் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"சீலையெல்லாம் எடுத்துப்போட்டன் மச்சாள்!"

"அலுமாரியிலை வையுங்கோ. பிள்ளைக்கு வருத்தம், மருந்து குடுக்கிறம். கேக்கிற ஆக்களுக்கும் அப்பிடியே சொல்லுங்கோ."

அந்த ஒரு வசனத்தை என் அம்மாவால் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் அதைக் கண்டுபிடித்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு டொக்டரும் இல்லை, மருந்தும் இல்லை என்பதும் உண்மை. மகள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "பெரியம்மா, அண்டைக்கு நான் கதைச்சது..." என்று தொடங்கினாள். "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றேன்.

குளிசைக்கு நான்தான் பொறுப்பு. விடிய எழுப்பி, குளிசையும் தண்ணியும் கொடுத்து, மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் பார்த்துத் தேத்தண்ணி கொடுப்பேன். முதலில் போர்வை போனது. பிறகு முகத்தின் ஊதல் வற்றியது. ரீச்சர் எழுதி அனுப்புவது நின்றது. ஆறேழு மாதத்தில் செருப்பு இறுக்குகிறது என்றாள். அடுத்த அளவு வாங்கினோம். அவளுடைய பழைய சோடி எனக்கு வந்தது. கொஞ்ச நாளில் தேங்காயெண்ணெய்ப் போத்தலை மேல் தட்டிலிருந்து அவளே எடுத்துத் தரத் தொடங்கினாள்.

ஒரு வருசம் தாண்டி, ஒரு பள்ளி விடுமுறை நாள். மகள் கந்தோரில். பெட்டை குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். கதவை நீக்கிக் காட்டினாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். சடங்கு செய்துகொண்டவள், குறிப்பு எழுதப்பட்டவள், முப்பது வருசத்துக்கு மேலாக மாதாமாதம் ஒழுங்காகச் சாய்ப்பில் இருந்தவள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரத்தத்தைப் பார்த்து அவள் பயப்படவில்லை, நான்தான் சுவரைப் பிடித்தேன்.

"சின்னாச்சி, பயப்பிடாதையுங்கோ" என்று சிரித்தாள். "பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவை. அம்மாவின்ரை அலுமாரியிலை மேல் தட்டிலை இருக்கு... இல்லை, உங்களுக்கு எட்டாது. கதிரையை வைச்சு ஏறுங்கோ."

கதிரையை வைத்து ஏறி எடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மணிக்கூட்டைப் பார்த்தேன். கலண்டர்த் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். பத்து மணி நாற்பத்தைந்து. நல்ல நேரமோ கெட்ட நேரமோ எனக்குத் தெரியாது. உள்ளபடி எழுதினேன். அவசரத்தில் நாலு கொஞ்சம் வளைந்துவிட்டது. மகளுக்குப் போன் எடுத்து, "பிள்ளை, வா" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

சடங்குக்கு மாமி அதே சீலையோடு கனடாவிலிருந்து திரும்ப வந்தா. தண்ணி வார்க்கவும் ஆராத்தி எடுக்கவும் கலியாணம் முடித்து வாழ்கிறவர்கள்தான் வரவேண்டும். எனக்கு அங்கே வேலை இல்லை. பின்பக்கம் அடுப்படியில் மஞ்சளும் சுண்ணாம்பும் நான்தான் கரைத்துக் கொடுத்தேன். நிறம் சரியாக வந்தது. எனக்குக் கைவந்த வேலை.

விருந்து முடிந்த பிறகு பெட்டை சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். இப்போது என்னைவிட ஒரு தலை உயரம்.

"சாத்திரியார் சொன்னவர் என்ரை நேரம் சும்மா நடுத்தரமாம்" என்றாள். "உங்கடை நேரம் என்ன சின்னாச்சி?"

"வெள்ளிக்கிழமை காலமை, ஆறு மணி இருபது நிமிசம்."

"அம்மாடி! நல்ல நேரமெல்லே?"

"இந்தக் குறிச்சியிலை ஒருத்திக்கும் இல்லாத நேரம்."

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு படம் எடுக்க வாவென்று அவளைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் எனக்கு எழுதித் தந்த துண்டு இன்னும் தலையணைக்குக் கீழே இருக்கிறது. எலும்பும் இருதயமும் பார்க்க அடுத்த மாதமாவது போகவேண்டும். மகள் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள். குளிசையைப் பெட்டை இப்போது தானே எடுத்துப் போடுகிறாள், போனில் மணி வைத்திருக்கிறாள். விடிய நான் எழும்பி வரும்போது தண்ணிக் கோப்பை வெறுமையாக மேசையில் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை நான் தலை சீவிச் சீலை உடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் கட்டிலில் புத்தகத்தோடு கிடந்தாள்.

"இண்டைக்கு எனக்குக் கோயிலுக்கு வர ஏலாது சின்னாச்சி. நீங்கள் மட்டும் போட்டு வாங்கோ."

ஓம் என்றேன். அவளுக்குச் சிறுத்துப்போன செருப்பைப் போட்டுக்கொண்டு தனிய நடந்தேன். பூ ஒன்று ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டாமல் விட்டிருக்கிறேன். கோயில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, சின்னப்பிள்ளைகளின் செருப்புகளோடு ஒன்றாகக் கிடந்தது. காலால் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டு, கச்சான் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.